சிக்ரூன் பார்த்த நரி

ஒட்வாரின் முதுகைப் பற்றிக் கேட்டால் என் தங்கை சிக்ரூன் நாள் முழுக்கப் பேசுவாள். இடது தோள் வலதைவிடச் சற்று இறங்கியிருக்கும். மூச்சு வாங்கினால் கழுத்துப்பட்டியில் உறைபனி பூக்கும். கோபமாக இருந்தால் முதுகுப்பை ஒரு பக்கமாக ஆடும். புருஷனின் முகத்தைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பாள். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவன் பின்னாலேயே பனிச்சறுக்கில் போய்க்கொண்டிருப்பவள் வேறு எதைச் சொல்வாள்?

ஈஸ்டர் வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு வீட்டில் கால் தங்காது. டிரோந்தைம் நகரமே பூட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிவிடும். பையில் ஆரஞ்சு, சாக்லேட், பழுப்புச் சீஸ், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. நான் போவதில்லை. முழங்கால் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் எனக்குக் குளிர் பிடிக்காது. இந்த ஊரில் அதை வெளியே சொன்னால் மரியாதை போய்விடும்.

மலையில் இரண்டு பேர் போனால் ஒருவர் முன்னால் போய்ப் புதுப்பனியை மிதித்துத் தடம் போடவேண்டும். இடுப்பு ஒடியும் வேலை அது. பின்னால் வருபவருக்குப் பாதி உழைப்புப் போதும். முறைப்படி பார்த்தால் மாறி மாறிப் போடவேண்டும். எங்கள் ஆண்கள் மாற மாட்டார்கள். பெண்டாட்டிக்குத் தடம் போடுவது அவர்களுக்குப் பூ வாங்கிக் கொடுப்பது மாதிரி. அதுவும் பூ வாங்கிக் கொடுக்கவே தெரியாத ஆட்களுக்கு. “நீ மெதுவா வா, நான் போட்டுக்கிட்டே போறேன்” என்பான் ஒட்வார். அன்பாகத்தான் சொல்வான், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

ஆனால் மலையில் மிருகங்களைப் பார்ப்பவன் முன்னால் போகிறவன்தான். மேடு ஏறித் தலை வெளியே தெரிந்ததும் அவனுக்கு முன்னால் கலைமான் நிற்கும், கழுகு எழும்பும். ஒருமுறை காதில் குஞ்சம் வைத்த பெரிய காட்டுப்பூனை பாறை மேல் படுத்திருந்ததாம். பின்னால் வருகிறவள் மூச்சிரைக்க வந்து சேர்வதற்குள் எல்லாம் ஓடியிருக்கும். சிக்ரூனுக்குக் கிடைத்ததெல்லாம் காலடித் தடமும் ஒட்வாரின் வர்ணனையும்தான். அவன் நன்றாக வர்ணிப்பான். வீட்டுக்கு வந்ததும் அவள் அதையெல்லாம் தானே பார்த்ததுபோல எங்களுக்குச் சொல்வாள். அவன் சொன்ன எந்த மிருகத்தைப் பற்றியும் “நெஜமாவா?” என்று அவள் கேட்டு நான் கேட்டதில்லை.

போன வருஷம் குளிர் தொடங்கும்போது அவளுக்குக் கண்ணில் பிரச்சினை வந்தது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு மங்கல். பேப்பரில் ஒரு சொல்லைப் படிக்கப் பார்த்தால் அந்தச் சொல்லை மட்டும் யாரோ ரப்பர் வைத்து அழித்ததுபோல இருக்கிறது என்றாள். நடுப்பார்வை போய்விடும், ஓரப்பார்வை நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு சீக்கிரம் என்று அவருக்கும் தெரியவில்லை. பார்க்கவேண்டியது ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்றாராம்.

அவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

“அழுவலாம்னுதான் வந்தேன், ஹெர்டிஸ். பஸ்லயே அழுது முடிச்சுட்டேன்” என்றாள். “காப்பி குடு.”

கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

“ஒரே ஒரு ஆசைதான். வெள்ளை நரி. அவன் மூணு தடவ பாத்துட்டான். எனக்கு என் கண்ணால ஒரு தடவ பாக்கணும். இந்த ஈஸ்டருக்குள்ள.”

டோவ்ரே மலையில் வெள்ளை நரி அற்றுப்போய்விட்டது என்றுதான் ஒரு காலத்தில் எல்லோரும் நினைத்தோம். கூண்டில் வைத்துக் குட்டி போடச் செய்து, திரும்ப மலையில் விட்டு, இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது. இருந்தாலும் அது கண்ணில் படுவது அவ்வளவு லேசில்லை.

“அப்ப இந்தத் தடவ நீ முன்னாடி போ” என்றேன்.

“அவன் விடணுமே.”

“கேட்டியா?”

“கேட்டா விட்டுருவான். அப்புறம் பின்னாடியிருந்து மூச்சு விட்டே என்னைத் தள்ளிக்கிட்டு வருவான்.”

இருவரும் சிரித்தோம். இதற்குப் பிறகு மலையில் நடந்ததை அவளும் சொன்னாள், அவனும் தனியாக வந்து சொன்னான். இருவரும் சொன்னது ஒன்றாகவே இருந்தது. அந்த வீட்டில் அது அபூர்வம்.

ரயிலை விட்டு இறங்கிய அன்றைக்கு நல்ல வெயில். வழியெல்லாம் பிர்ச் மரக் குச்சிகள் நட்டு அடையாளம் வைத்திருந்தார்கள். ஒட்வார் வழக்கம்போல முன்னால் போனான். அவன் மனதில் ஒரு திட்டம் இருந்தது. மறுநாள் போகிற பள்ளத்தாக்கில்தான் நரி இருக்கிறது, அங்கே எப்படியாவது அவளுக்குக் காட்டிவிட வேண்டும். வீட்டில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தான், பாவம். காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எந்த மேட்டில் நின்றால் தெரியும், எல்லாம் பார்த்து வைத்திருந்தான். யார் முன்னால் போவது என்பதை மட்டும் அவன் யோசிக்கவில்லை.

முதலில் கஸ்தூரி எருதுகள் தெரிந்தன. தூரத்துச் சரிவில் கரும்பழுப்பாக, கம்பளியைத் தரைவரை தொங்கவிட்டுக்கொண்டு நின்றன.

“தெரியுதா?” என்றான்.

“தெரியுது. அது தெரியலன்னா நான் வீட்டுலயே இருந்திருக்கணும். அதப் பாக்குறது நிறுத்தி வச்ச பஸ்ஸப் பாக்குற மாதிரி. அது கணக்குல சேராது.”

“கிட்டப் போனா பஸ் முட்டாது.”

“உன்னை முட்டட்டும். நான் இங்கயிருந்து வேடிக்கை பாக்குறேன், கிழவா.”

மத்தியானத்துக்கு முன் ஒரு கணவாய் வந்தது. ஒட்வார் உச்சியை அடைந்ததும் நின்று, கைக்கோலை உயர்த்திக் காட்டினான். மிருகம் இருக்கிறது, சத்தமில்லாமல் வா என்று அர்த்தம். சிக்ரூன் தன்னால் முடிந்த வேகத்தில் ஏறினாள். அவள் போய்ச் சேர்ந்தபோது எதிர்ச்சரிவு காலியாக இருந்தது. பனி மட்டும் நூறு குளம்பு பட்டுக் கலைந்து கிடந்தது.

“கலைமான்” என்றான் ஒட்வார். கண்ணில் தண்ணீர், குளிரா சந்தோஷமா தெரியவில்லை. “பூரா சினையா இருக்குற பொட்டைங்க. எல்லாத்துக்கும் கொம்பு இருந்துச்சு. ஒண்ணு நின்னு என்னையே பாத்துச்சு, மூக்குலருந்து ஆவி வருது. அடடா, நீ பாத்திருக்கணும்.”

“பாத்திருக்கணும்தான்.”

“மோப்பம் புடிச்சுட்டுச்சுங்க நம்மள.”

“நம்மள இல்ல” என்றாள் சிக்ரூன். “உன்னை.”

அவன் காற்று படாத இடமாகப் பார்த்துப் பனியைத் தோண்டி இருக்கை செய்தான். ஆரஞ்சை உரித்து அவள் கையில் சுளை சுளையாகக் கொடுத்தான். சாப்பிட்டு முடித்ததும் அவள் சொன்னாள்.

“நாளைக்கு நான் முன்னாடி போறேன்.”

“புதுப்பனி விழும்னு சொல்லியிருக்காங்க. இடுப்பு போயிடும் உனக்கு.”

“என் இடுப்பு, நான் பாத்துக்கறேன்.”

“இல்ல, நான் எதுக்குச் சொல்றேன்னா...”

“ஒட்வார். எனக்கு நரியப் பாக்கணும். நீ பாத்துட்டுச் சொல்றதக் கேக்கறதுக்கு நான் வரல. அதக் கேக்கறதுக்குக் காது இருக்கு, அது எங்கயும் போகாது.”

அவன் ஆரஞ்சுத் தோலை மடித்துப் பைக்குள் வைத்தான். “சரி” என்றான். அந்தச் சரியைச் சொல்ல எவ்வளவு கஷ்டப்பட்டான் என்று அவனே என்னிடம் சொன்னான். தடம் போடாமல் அவள் பின்னால் போவதென்றால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்ததாம் அவனுக்கு.

அன்று மாலை மலைக்குடிலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஈஸ்டர் வாரத்தில் யாரையும் திருப்பி அனுப்பமாட்டார்கள், தாமதமாக வந்தால் சாப்பாட்டு அறைத் தரையில் மெத்தை. சிக்ரூனும் ஒட்வாரும் தெற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து, முகத்தை வெயிலுக்குக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரம் தனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது என்றாள் சிக்ரூன். கண்ணை மூடியிருந்தால் எல்லோரும் சமம் என்று சொல்லிச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் கணுக்கால் அளவு புதுப்பனி கிடந்தது. அந்தப் பள்ளத்தாக்குப் பக்கம் அவர்களுக்கு முன் யாரும் போயிருக்கவில்லை. சிக்ரூன் முன்னால் போனாள். மெதுவாகத்தான் போனாள். ஒட்வாரின் சறுக்குப் பலகை முனை இரண்டு தடவை அவள் பலகையின் வாலில் இடித்தது.

“இடதுபக்கம் கொஞ்சம்” என்றான்.

“தெரியும்.”

“குச்சி தெரியுதுல்ல?”

“குச்சி தெரியுது. நீ பேசறதும் தெரியுது. நரிக்கும் தெரியும்.”

அதற்குப் பிறகு அவன் எதிரே அவளுடைய சிவப்பு முதுகுப்பை மட்டும்தான் இருந்தது. அதன் பக்கவாட்டுப் பட்டை கிழிந்து தைக்கப்பட்டிருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தானாம். அவளே தைத்திருக்கிறாள், எப்போது என்று அவனுக்குத் தெரியாது.

பள்ளத்தாக்கு அகலமாகும் இடத்தில் வலப்பக்கம் ஒரு நீண்ட மேடு. காற்று பனியைத் துடைத்துவிட்டதால் அதன் முதுகில் பழுப்புப் புதர்த் திட்டுகள் வெளியே தெரிந்தன. ஆங்காங்கே பாறைகள், அவற்றின் ஒரு பக்கம் பனி ஒட்டியிருந்தது. சிக்ரூன் நின்றாள். அப்படியே அசையாமல் நின்றாள். மூச்சு வாங்குகிறாள் என்று ஒட்வார் நினைத்தான்.

அவள் வழிக்குச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையின் ஓரத்தில், பழுப்புத் திட்டின் மேல், வெள்ளையாக ஏதோ நகர்ந்தது. அதன் பக்கம் கண்ணைத் திருப்பினாள், அது மறைந்தது. நடுவிலிருக்கும் மங்கல் அதை மூடிவிட்டது. மறுபடி குச்சியைப் பார்த்தாள், அது இருந்தது. அதனால் அவள் குச்சியையே பார்த்துக்கொண்டு நரியைப் பார்த்தாள். சின்னக் காது. உடம்புக்குப் பொருந்தாத பெரிய வால். உட்கார்ந்து பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்தது. பிறகு தலையை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. அவள் ஒட்வாரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஓடிவிடும் என்பது ஒன்று. இன்னொன்றும் உண்டு, அதை என்னிடம் மட்டும் சொன்னாள். அது கொஞ்ச நேரம் தன்னுடையதாக மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தாளாம். இதில் என்ன தப்பு?

நரி எழுந்து மேட்டுக்கு அந்தப்புறம் இறங்கிப் போனது. சிக்ரூன் திரும்பினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

“பாத்துட்டேன்” என்றாள். “ஒட்வார், பாத்துட்டேன். அந்தப் பழுப்புத் திட்டு மேல. உக்காந்து சொறிஞ்சுச்சு.”

ஒட்வார் மேட்டைப் பார்த்தான். பழுப்புப் புதர், பனி ஒட்டிய பாறைகள். வேறு ஒன்றுமில்லை. அவன் மனதில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பரிதாபம். அதை அவனே ஒப்புக்கொண்டான்.

“கல்லா இருக்கப்போவுது, சிக்ரூன்” என்றான். குழந்தையிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான். அந்த மெதுவைத்தான் தாங்க முடியவில்லை என்றாள் அவள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லையாம்.

“கல்லு சொறிஞ்சுக்குமா?”

“இல்ல, இந்த வெளிச்சத்துல யாருக்கும் அப்படித் தோணும். உனக்கு இப்ப கண்ணு வேற...” என்று நிறுத்தினான். பிறகு முதுகுப்பையைக் கழற்றினான். “இரு. ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.”

“வேணாம்.”

“கிட்டத்துலதான்.”

“போவாத ஒட்வார். நான்தான் சொல்றேன்ல.”

அவன் போனான். அவளுக்காகத்தான் போனேன் என்றான் என்னிடம். நரி இருந்தது என்று தெரிந்தால் அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துப் போனானாம். அவன் இதைச் சொன்னபோது நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம்.

மேட்டில் தடம் இருந்தது. சின்னக் காலடிகள், உள்ளங்காலில் ரோமம் இருப்பதால் ஓரம் மழுங்கிய தடம், ஒரே கோடாக. உட்கார்ந்த இடத்தில் புதர் சற்று அமுங்கியிருந்தது, அதில் இரண்டு வெள்ளை ரோமம். ஒட்வார் இரண்டு கைக்கோலையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு சரிவில் வழுக்கியபடி கீழே வந்தான்.

“இருக்கு, சிக்ரூன். தடம் இருக்கு. நரியேதான்.”

அவள் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியும்” என்றாள்.

“இல்ல, இப்ப உறுதியாயிடுச்சு.”

“யாருக்கு?”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லையாம்.

“அன்னிக்குப் பாறை மேல காட்டுப்பூனை படுத்திருந்துச்சுன்னு சொன்ன” என்றாள். “நான் போய்ப் பாத்தேனா? இத்தன வருஷமா நீ சொன்ன மானு, கழுகு, எல்லாத்தையும் வச்சுக்கிட்டேன். இன்னிக்கு நான் ஒண்ணே ஒண்ணு சொன்னேன்.”

“தப்புதான், சிக்ரூன்.”

“சரி விடு.” அவள் தடத்திலிருந்து ஒதுங்கிப் புதுப்பனியில் நின்றாள். “நீயே முன்னாடி போ.”

“இல்ல இல்ல, நீ போ. நல்லாத்தானே போற.”

“எனக்குக் கால் வலிக்குது.”

கால் வலி இல்லை என்று அவனுக்குத் தெரியும். கெஞ்சினான். அவள் அசையவில்லை. கடைசியில் அவன்தான் முன்னால் போனான். அன்று முழுக்க அடிக்கடி திரும்பிப் பார்த்தானாம். ஒவ்வொரு தடவையும் அவள் தலையைக் குனிந்து, அவன் போட்ட தடத்தைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தாள். அவள் மேட்டைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்னும் ராத்திரி தூக்கம் வருவதில்லை என்றான் ஒட்வார். வராமலே போகட்டும் என்று நினைத்தேன். அப்புறம் எனக்கே பாவமாகப் போய்விட்டது. கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம், இவன் அப்படியும் இல்லை.

கோடை முடிவதற்குள் சிக்ரூனின் நடுப்பார்வை போய்விட்டது. ஒட்வார் அவளுக்குப் பேப்பர் படித்துக் காட்டினான், காப்பி ஊற்றிக் கொடுத்தான். யார் வீட்டுக்கு வந்தாலும் அந்த நரிக் கதையை எடுத்துவிடுவான். சிக்ரூன் சொல்லத் தொடங்கினாலே போதும், நடுவில் புகுந்து, “தடம்கூட இருந்துச்சு, நானே பாத்தேன். ரோமம்கூட இருந்துச்சு” என்பான். அவள் சொன்னதற்குச் சாட்சி சொல்கிறானாம். மனசு உறுத்துகிறவன் எதையாவது செய்துகொண்டே இருப்பான். அவள் ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்திவிடுவாள். மீதியை அவன் சொல்லி முடிப்பான். கொஞ்ச நாளில் அவள் தொடங்குவதும் நின்றுபோனது.

இலையுதிர்காலத்தில் ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் போட்டு ஒரு பெரிய சட்டி வேகவைத்து எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த யோருன் என்கிற பெண்ணும் வந்தாள். மலையென்றால் உயிராம் அவளுக்கு. ஒட்வார் நரியைப் பற்றிச் சொன்னான். காது, வால், உட்கார்ந்து சொறிந்தது, தலையைத் திருப்பியது, ஒன்று விடாமல் சொன்னான். அவன் பார்க்காத நரியை அவ்வளவு அழகாகச் சொன்னான்.

யோருன் சிக்ரூன் பக்கம் திரும்பினாள். “நீங்களும் பாத்தீங்களா?”

சிக்ரூன் வெந்த முட்டைக்கோசைக் கரண்டியால் தேடிக்கொண்டிருந்தாள்.

“ஒட்வார் போய்ப் பாத்துட்டு வந்தான்” என்றாள். “இருந்துச்சாம்.”

ஒட்வார் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

“இல்ல” என்றான். “நான் பாக்கல. அவதான் பாத்தா. நான் வெறும் தடத்தத்தான் பாத்தேன்.” நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். “சொல்லு சிக்ரூன். நீதான பாத்த?”

சிக்ரூன் அவன் பக்கம் திரும்பினாள். இப்போதெல்லாம் ஒருவர் முகத்தைப் பார்க்கவேண்டுமென்றால் அவள் அவர் தோளுக்கு மேல் எங்கோ பார்க்கவேண்டும். அப்படியே அவனைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானே சந்தோஷப்பட்டிருப்பேன்.

“அப்பப் பாத்தேன்னுதான் நெனச்சேன்” என்றாள். “இப்ப எனக்கே தெரியல, ஒட்வார். நரி வேற பக்கமா போயிருக்கும். நான் பாத்தது நீ சொன்ன கல்லாவும் இருக்கலாம்.”

பிறகு தட்டை என் பக்கம் நீட்டி, இன்னும் ஒரு உருளைக்கிழங்கு போடச் சொன்னாள்.